குளோரின் போட்டவனும் மாத்திரை போடுகிறவனும்: ஒரு நீச்சல்குளத்துக்குத் திறந்த மடல்

தர்மபுரியில் நீச்சல்குளம் நடத்துகிற நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். இந்த மாவட்டத்தில் 31 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்து, ஊர் ஊராகப் போய்க் குடிநீர்த் தொட்டிகளுக்குக் குளோரின் போட்டவன் நான். கடந்த மூன்று ஆண்டுகளாகத் தினமும் இரவில் கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை போடுகிறவனும் நான்தான். ஆகவே உங்கள் நுழைவாயிலில் மாட்டியிருக்கும் பலகையைப் பற்றிப் பேச எனக்கு இரண்டு வகையில் உரிமை இருக்கிறது. 100 ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்தவன் என்பது மூன்றாவது.

உங்கள் குளத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் எழுதினால் சண்டையாகிவிடும். எனக்குச் சண்டை வேண்டாம், பலகை இறங்கினால் போதும். எந்தப் பலகை என்று உங்களுக்குத் தெரியும். நீல வண்ணத்தில், வெள்ளை எழுத்தில், ஒரு மீன் படத்துக்குக் கீழே இப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள்: "இருதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவற்றுக்கு மாத்திரை உட்கொள்பவர்கள் குளோரின் கலந்த இந்தக் குளத்தில் இறங்க அனுமதி இல்லை. மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல."

அந்தக் கடைசி வரியை எழுதுவதற்காகத்தான் முதல் வரியையே எழுதினீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். இருக்கட்டும். டிக்கெட் கொடுக்கும் தம்பியிடம் காரணம் கேட்டேன். "சார், கொலஸ்ட்ரால் மாத்திரையும் குளோரினும் உடம்பில் சேர்ந்தால் தசை எல்லாம் உருகிவிடுமாம். வாட்ஸாப்பில் வந்தது" என்றான். நல்ல பையன். பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னான்.

இதை நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். போகாததற்குக் காரணம் என் நண்பர். காரிமங்கலம் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுவலி வந்து, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், அடைத்த இருதயக் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியவர். அதற்கு முன்பிருந்தே அவருக்கு மூட்டுவலி. நடந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். நடைப்பயிற்சி போ என்று சொல்லிச் சலித்துப்போன மருத்துவர், உடல்நிலையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "சரி, நீந்தத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். தெரியுமாவா! எங்கள் தலைமுறைக்குக் கிணறுதான் பள்ளிக்கூடம். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி மேலிருந்து தள்ளிவிடுவார்கள். குடுக்கை அவிழ்ந்து மிதந்து போன பிறகுதான் நாம் நீந்திக்கொண்டிருக்கிறோம் என்றே தெரியும். அந்த மனிதர் நாற்பது ஆண்டுகள் கழித்து உங்கள் குளத்தில் இறங்கினார். ஒரு மாதத்தில் முகமே மாறிவிட்டது. தண்ணீருக்குள் முழங்கால் கனக்கவில்லை என்று சின்னப் பையனைப் போலச் சொன்னார்.

பிறகு நீங்கள் பலகை மாட்டினீர்கள்.

அவர் குளத்தை விடவில்லை. மாத்திரையை விட்டுவிட்டார். இதைத்தான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். இரண்டில் ஒன்றுதான் என்று எழுதி வைத்தால், மனிதன் தனக்குச் சந்தோஷம் தருவதைத்தான் எடுப்பான். கசப்பானதைக் கீழே போடுவான். ஏழு வாரம் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் மண்டியில் கணக்கு நோட்டைத் தேடிய அவர் மனைவி, கல்லாப்பெட்டிக்குக் கீழே ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்த மாத்திரைப் பட்டைகளை எடுத்து என்னிடம் கொண்டு வந்தார். ஐந்து பட்டை. ஒரு குமிழ்கூட உடையவில்லை. "அண்ணா, இவர் தினமும் சாப்பிடுகிறேன் என்றாரே" என்று அந்தத் தங்கச்சி கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரத்தப் பரிசோதனை செய்தோம். 68இல் இருந்த கெட்ட கொழுப்பு 142இல் நின்றது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது 70க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. நல்ல வேளையாக வேறு எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் "மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரிகூட உங்களைக் காப்பாற்றியிருக்காது. அவர் மீறவே இல்லையே, பலகை சொன்னபடி மாத்திரை சாப்பிடாமல்தானே இறங்கினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கொலஸ்ட்ரால் மாத்திரை என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் ஸ்டாடின் வகை. அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் என்று பட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். கல்லீரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்யத் தேவையான ஒரு நொதியை இது மட்டுப்படுத்துகிறது. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் இரத்தத்தில் ஓடுகிற கெட்ட கொழுப்பைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. வேலை நடப்பது கல்லீரலில். தோலின் மேல் படுகிற குளோரினுக்கு அங்கே ஒரு சோலியும் இல்லை. குளத்துத் தண்ணீரில் இருக்கும் குளோரின், தோலிலும் முடியிலும் உள்ள அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். வாய்வழியாக ஒரு மடக்கு உள்ளே போனாலும், எச்சிலையும் இரைப்பையில் இருப்பதையும் தொட்டவுடன் அதன் வீரியம் போய்விடும். மிஞ்சுவது நம் உப்பில் இருக்கிற அதே குளோரைடு. இந்த மாத்திரைக்கும் குளோரின் தண்ணீருக்கும் ஆகாது என்று மருத்துவத்தில் எந்த விதியும் கிடையாது.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒழுங்காகப் பராமரிக்கிற குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் நிற்கும். 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீந்தும்போது தெரியாமல் 50 மில்லி விழுங்கிவிட்டால் உள்ளே போவது 0.1 மில்லிகிராம். இனி வீட்டுக்கு வாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரிலும் குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். கலக்காமல் அனுப்பினால் வாந்திபேதியில் ஊர் படுத்துவிடும். குழாயடியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கும் தண்ணீரை ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடிக்கிற மனிதன் 1 மில்லிகிராம் குளோரினைக் குடிக்கிறான். குளத்தில் விழுங்கியதைப் போலப் பத்து மடங்கு. நான் தினமும் இரவில் மாத்திரையை அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் விழுங்குகிறேன். உங்கள் பலகை சரியென்றால், முதலில் என் வீட்டுச் சொம்பில் அல்லவா அதைத் தொங்கவிட வேண்டும்?

தண்ணீர் மேல் நமக்குச் சந்தேகம் வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த மண்ணுக்கு அதற்குக் காரணம் உண்டு. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னால் பாதிப் பேர் வாயைக் கையால் மூடிக்கொள்வார்கள். பல் முழுக்கப் பழுப்புக் கோடு. ஆழ்துளைக் கிணற்றில் புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற அளவை எத்தனையோ கிணறுகள் தாண்டின. கிணறு வற்ற வற்ற இன்னும் ஆழமாகத் துளை போட்டோம். பாறையைத் துருவித் துருவி அதையும் சேர்த்து உறிஞ்சினோம். அதைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குப் பல்லோடு நிற்காமல் எலும்பையும் மூட்டையும் பிடித்தது. இதற்காகத்தான் 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு, 2013இல் ஒகேனக்கல் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த வசவுகளில் முக்கால்வாசி என்ன தெரியுமா? பல் கறை பிடிப்பது நான் போடுகிற பிளீச்சிங் பவுடரால்தான் என்பது. கட்டியை நசுக்கி, வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிவிட்டு இறங்கி வருவேன். கீழே ஒரு பாட்டி குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "மருந்துத் தண்ணி எங்களுக்கு வேண்டாம், நீயே குடி" என்பார். குடித்துக் காட்டுவேன். கண்ணுக்குத் தெரியாத, மணமே இல்லாத புளோரைடு நிம்மதியாக உள்ளே போனது; மூக்குக்குத் தெரிகிற குளோரின் பழியைச் சுமந்தது. இன்று உங்கள் வாசலிலும் அதே பழிதான் வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது.

சரி, தசை உருகும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? முழுக்கப் பொய்யில் எதுவும் முளைப்பதில்லை. ஸ்டாடின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் தசைவலி வருவது உண்மை. மருந்து தொடங்கிய சில வாரங்களில், அல்லது அளவைக் கூட்டியபோது, இரண்டு தொடையும் இரண்டு தோளும் ஒரே மாதிரி வலிக்கும். மிக அபூர்வமாக, லட்சத்தில் ஒரு சிலருக்குத் தசை நிஜமாகவே சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதும் உண்டு. அப்போது சிறுநீர் கோலா நிறத்தில், கடுங்காப்பி மாதிரிப் போகும். கை காலைத் தூக்க முடியாது. அந்த நிலையில் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆனால் சாதாரண வலியில் எவ்வளவு மாத்திரையின் வேலை, எவ்வளவு மனத்தின் வேலை என்று லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். 2020இல் வெளியானது. வலி போன்ற தொந்தரவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திவிட்ட 60 பேருக்கு, மாதத்துக்கு ஒன்றாக டப்பா கொடுத்தார்கள். சில மாதம் உண்மையான மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் காலி டப்பா. எது உண்மை, எது வெறும் என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. கடைசியில் பார்த்தால், உண்மையான மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்திருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் பிறகு மருந்தைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். வலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலி இருந்தது, பயம்தான் அதைக் கொண்டுவந்தது. இதைப் படித்தபோது எனக்கு உங்கள் நீலப் பலகைதான் ஞாபகம் வந்தது. தினமும் இரவு மாத்திரை போட்டுவிட்டுக் காலையில் அதைப் படித்துக்கொண்டே உள்ளே போகிறவனுக்கு, முதல் சுற்று முடிவதற்குள் தொடை வலிக்காமல் என்ன செய்யும்?

அதோடு இன்னொன்று. நாற்பது ஆண்டுகள் கையைத் தூக்கி வீசாதவன் திடீரென்று பத்துச் சுற்று நீந்தினால் மறுநாள் தோள் வலிக்கத்தான் செய்யும். அதற்கு மாத்திரையும் வேண்டாம், குளோரினும் வேண்டாம். என் முதல் வாரத்தில் என்னால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அந்த வலியோடு போய் சி.பி.கே. என்ற தசைப் பரிசோதனை செய்துகொள்ளாதீர்கள் என்று சக நீச்சல்காரர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு அந்த எண் தானாகவே எகிறும். சில நாள் ஓய்வெடுத்துவிட்டு இரத்தம் கொடுக்க வேண்டும். முந்தைய நாள் நீந்தினேன் என்பதை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும். இந்த ஊரில் மூட்டுவலிக்கும் தசைவலிக்கும் உரிமை கோரப் பழைய புளோரைடு, தைராய்டு, வைட்டமின் டி குறைவு என்று வேறு பலரும் வரிசையில் நிற்கிறார்கள். பழியை மாத்திரை மேல் போட்டு முடித்துவிட்டால் அவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள்.

குளத்துக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், ஒரு சுற்றுவழியில் இருக்கிறது. அதை யாரும் பலகையில் எழுதவில்லை. ஈரத் துணியோடு நெடுநேரம் உட்கார்ந்தாலோ, அடுத்தவர் துண்டை வாங்கித் துடைத்தாலோ, தொடையிடுக்கில் படர்தாமரை வரும். நம் ஆள் மருத்துவரிடம் போவாரா? வெட்கம். மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்திச் சொல்லுவார். கடைக்காரர் இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். அதுதான் ஆபத்து. அடோர்வாஸ்டாடினையும் சிம்வாஸ்டாடினையும் கல்லீரலில் சிதைத்து வெளியேற்றும் நொதியை இட்ராகொனசோல் அடக்கிவிடுகிறது. சிதையாத ஸ்டாடின் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். தசை கெடுவதற்கு உண்மையான வழி இதுதான். தொண்டைப் புண்ணுக்கும் நெஞ்சுச் சளிக்கும் கொடுக்கிற கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வேறு மருந்து கொடுப்பார், அல்லது அந்தச் சில நாள் ஸ்டாடினை நிறுத்தச் சொல்வார். ஸ்டாடின் என்ற வகையையே 1970களில் ஜப்பானியர் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்துதான் முதலில் கண்டெடுத்தார். பூஞ்சையில் பிறந்த மருந்துக்குப் பூஞ்சைக்கொல்லி பகையாக வந்து நிற்பதை நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

மாத்திரையே வேண்டாம், நெல்லிச்சாறு போதும் என்று குளக்கரையில் பிரசங்கம் செய்கிற ஒருவரும் உங்கள் காலை நேரத்துக் கூட்டத்தில் இருக்கிறார். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் அதியமானுக்கு யாரும் ஸ்டென்ட் வைக்கவில்லை.

இனி உங்கள் குளத்துத் தண்ணீர். இதைச் சொல்லாமல் விட்டால் 31 ஆண்டுகள் வாங்கிய சம்பளம் எனக்குச் செரிக்காது.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. குளம் முழுக்கப் பிள்ளைகள். வாசலிலேயே மூக்கைத் துளைக்கிற நெடி. "பாருங்கள் சார், குளோரின் எவ்வளவு போட்டிருக்கிறோம்" என்று உங்கள் தம்பி பெருமையாகச் சொன்னான். என் பையில், தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று நிறத்தை வைத்துப் பார்க்கும் பழைய குளோரோஸ்கோப் இருந்தது. ஓய்வு பெற்ற நாளில் புதியதை ஒப்படைத்துவிட்டு, என் கைக்காசில் வாங்கிய பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். கண்ணாடிக் குழாயில் குளத்துநீரை எடுத்து, குளோரின் பட்டால் மஞ்சளாகும் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டு, தம்பியையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினேன். பத்து வினாடி. நிறமே இல்லை. எலுமிச்சைத் தோலை நீரில் கழுவினாற்போல் ஏதோ ஒரு சாயல், அவ்வளவுதான். குழாயைத் திண்ணையில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்தோம். கால் மணி நேரம் கழித்து எடுத்தால் மஞ்சள்கிழங்கு கரைத்த நிறம்.

தம்பி அசந்துபோனான். முதல் பத்து வினாடியில் வருகிற நிறம் மட்டுமே சும்மா நிற்கிற குளோரின். கிருமியைக் கொல்வது அது. மெதுவாக வருகிற மஞ்சளில் பெரும்பகுதி, பிள்ளைகளின் வியர்வையோடும் சிறுநீரோடும் ஏற்கெனவே கலந்து குளோரமைனாக மாறிப்போனது. நெடியும் கண் எரிச்சலும் அதனுடைய வேலை. நீங்கள் காலையில் போட்ட குளோரினை வெயில் பாதி தின்றுவிட்டது, கூட்டம் மீதியைத் தின்றுவிட்டது. நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்று அர்த்தமில்லை; பெரும்பாலும் நல்ல குளோரின் தீர்ந்துபோயிற்று என்றுதான் அர்த்தம். சோதித்த நீரைக் குளத்தில் திரும்ப ஊற்றாதீர்கள், அந்தக் கரைசல் உடலுக்கு நல்லதில்லை. இப்போது அதே சோதனைக்கு, தண்ணீரில் கரைத்துப் பார்க்கும் டிபிடி மாத்திரைகள் வந்துவிட்டன. அதையே வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. காலையில் திறக்கும்போதும், பகலிலும், மாலைக் கூட்டம் வருமுன்னும் குளோரினையும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் பார்க்க வேண்டும். பிஎச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறினால் நீங்கள் எத்தனை கிலோ கொட்டினாலும் குளோரின் சோம்பிப்போய்விடும். இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்காதவரை உள்ளே விடாதீர்கள். தலையில் எண்ணெய் வழிய வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரைக்காரனை நிறுத்துகிற கையால் இதைச் செய்யலாமே.

பம்பு அறையையும் எட்டிப் பார்த்தேன். அனுமதி கேட்காமல் பார்த்ததற்கு மன்னிக்கவும், பழைய பழக்கம். திரவக் குளோரின் கேனும் ஆசிட் கேனும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குவளை. அதன் அடியில் பழைய திரவம் அரை அங்குலம் இருந்தது. எந்தக் கேனிலிருந்து எடுத்தது என்று தம்பிக்கே தெரியவில்லை. இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915இல் ஈப்ரே போர்முனையில் எதிரிமேல் திறந்துவிட்டது அதைத்தான். உங்கள் குளத்தில் யாருக்காவது உயிராபத்து உண்டென்றால் அது அந்தக் குவளையில் இருக்கிறது. முதலில் அதை முகர்கிறவன் அந்தத் தம்பியாகத்தான் இருப்பான். இன்றைக்கே ஒரு கேனை வேறு அறைக்கு மாற்றுங்கள். குவளையைக் கழுவாதீர்கள், தூக்கி எறியுங்கள், புதிதாக இரண்டு வாங்குங்கள். இந்த மடலில் வேறு எதையும் நீங்கள் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டுமாவது கேளுங்கள்.

பலகையில் இருக்கும் மற்ற மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கும் குளோரின் எதிரியில்லை. எச்சரிக்கை வேறு விதம். சர்க்கரைக்கு ஊசியோ சில வகை மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நீந்தினால் சர்க்கரை இறங்கி நடுக்குளத்தில் மயங்கலாம். ஏதாவது சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், கரையில் துண்டோடு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் குளத்திலிருந்து சட்டென்று ஏறினால் தலை சுற்றும். படியைப் பிடித்து நிதானமாக ஏற வேண்டும். இருதய நோயாளி மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மார்கழிக் காலையில் சில்லென்ற தண்ணீரில் எகிறிக் குதிக்கவும் கூடாது. நீந்தும்போது நெஞ்சு அழுத்தினால் அது வாயுத் தொல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து 108ஐ அழைக்க வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2023இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கு உடனே கொடுக்க மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். அந்தக் கையளவு மாத்திரையில் அடோர்வாஸ்டாடினும் ஒன்று. உயிரைப் பிடித்து நிறுத்த அரசாங்கம் நம் வாயில் போடுகிற மருந்தை, நீங்கள் வாசலில் வைத்துக் குற்றவாளி ஆக்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் மனத்தில் வருகிறது. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க நடக்க முடியாதவர்களின் வீட்டுத் திண்ணைக்கே வந்து கொடுக்கிற திட்டம். ஒருவரை விடாமல் மாத்திரை சாப்பிட வைக்க எத்தனை பெண்கள் வெயிலில் நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களோடு நானும் நடந்திருக்கிறேன். ஒரு ஆளை ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட வைப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். அதை அழிக்க உங்களுக்கு ஒரு டப்பா பெயின்ட்டும் ஒரு வாட்ஸாப் செய்தியும் போதுமாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நம்புகிறேன்.

பொது சுகாதாரத் துறையில் என் பழைய இருக்கையில் இப்போது இருக்கிறவர்களுக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். தொட்டிகளைப் பார்க்கிறோம், உணவகங்களைப் பார்க்கிறோம். கோடையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு குதிக்கிற தண்ணீரையும் மாதம் ஒருமுறை பாருங்கள். பைக்கை நிறுத்திப் பத்து வினாடி செலவழித்தால் தெரிந்துவிடும்.

பலகையைக் கழற்றுவது எப்படி என்றும் பார்த்துவிட்டேன். நான்கு திருகாணிதான். பலகை வீணாக வேண்டாம், மீனும் அழகாகத்தான் இருக்கிறது. எழுத்தின் மேல் கருப்பு வண்ணம் அடித்துவிட்டால் சாக்பீஸால் எழுதலாம்: இன்றைய குளோரின் இவ்வளவு, பிஎச் இவ்வளவு, பார்த்த நேரம், பார்த்தவர் கையெழுத்து. அந்தத் தம்பிக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது, டிக்கெட்டில் பார்த்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வருகிறோம். மண்டிக்கார நண்பரும் வருகிறார். போன வாரம் மருத்துவர் மறுபடியும் சோதித்துப் பார்த்து நீந்தலாம் என்று எழுதிக் கொடுத்த தாளைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், கேட்டால் காட்டுவார். இரண்டு டிக்கெட் எடுத்து வையுங்கள். வியாழக்கிழமை இரவு இருவரும் மாத்திரை போட்டுவிட்டுத்தான் படுப்போம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
தர்மபுரி